குறட்டையும் போச்சு, மீசையும் போச்சு!

எங்கள் வீட்டுக்காரர் விடும் குறட்டையைப் பற்றித் தெருவில் ஒரு கதையே உண்டு. சிப்காட் கம்பெனிகளில் சங்கு ஊதினாலும் அசையாமல் தூங்கும் எதிர்வீட்டுக் குழந்தை, இவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் கண்ணயர்ந்தால் எழுந்து வீறிட்டு அழுமாம்! நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். குறட்டை என்றால் நமக்கு அவ்வளவுதானே? கும்பகர்ணன் என்று ஒரு பட்டம், கல்யாண வீட்டில் பாய் போடும்போது ஒரு கேலி, அத்தோடு சரி.

ஆனால் சகோதரிகளே, ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத்தான் தெரியும், பயம் குறட்டையில் இல்லை, அது நிற்கிறதே, அதில்தான் இருக்கிறது என்று. ‘கொர்ர்...’ என்று ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நின்றுவிடும். சத்தமே இருக்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பத்து எண்ணுவேன், இருபது எண்ணுவேன். முப்பதுக்கு மேல் எண்ணத் தைரியம் வராது. தோளைப் பிடித்து உலுக்கிவிடுவேன். தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பார். காலையில் கேட்டால், “நான் நல்லாத்தானே தூங்கினேன்? நீதான் தூங்காம என்னை எழுப்பிக்கிட்டே இருக்கே” என்பார். பதினான்கு வருஷம் இப்படி ஓடியது.

இவர் ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் தூக்கம். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. டி.வி. முன்னால் தூக்கம். சாப்பிட்ட தட்டின் முன்னால் தூக்கம். போதாக்குறைக்குக் காலையில் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், மாத்திரைக்கும் அடங்காத பி.பி. “ஷிப்ட் வேலை, அப்படித்தான் இருக்கும்” என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் என் மாமியாரைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பினோம். முன்னால் சின்னவள், பின்னால் நான். சூளகிரி தாண்டியதும் வண்டி மெல்ல மெல்ல வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில்தான் இவருக்கு விழிப்பு வந்தது. ஆமாம், வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறார்! லாரிக்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவரை நான் இன்னும் தினமும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கழுத்தை டேப் வைத்து அளந்தார். 43 செ.மீ. ஆண்களுக்கு 40க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டுமாம். பிறகு பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து, தலையில் வயர், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப் எல்லாம் மாட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். மணிக்கு 46 தடவை மூச்சுத் தடைப்படுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. மணிக்கு 5க்குள் இருந்தால் கவலையில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அப்படியென்றால் இவர் ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ராத்திரி பூராவும் மூச்சுக்குப் போராடியிருக்கிறார். பேர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய்த் தட்டி எழுப்புகிறது. திரும்பத் தூக்கம், திரும்ப மூடல்.

2022 பிப்ரவரியில் ‘டிஸ்கோ’ பாட்டுக்காரர் பப்பி லஹரி மும்பையில் காலமானபோது, இதே நோயைத்தான் காரணமாகச் சொன்னார்கள். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023இல் போட்ட கணக்குப்படி, நம் நாட்டில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருக்கலாமாம். அடேயப்பா! எத்தனை வீட்டில் எத்தனை பேர் என்னைப்போல் விழித்திருந்து எண்ணுகிறார்களோ!

வைத்தியம் என்ன? எடையைக் குறைக்க வேண்டும், குடியும் தூக்க மாத்திரையும் கூடாது, மல்லாக்கப் படுக்கக்கூடாது. லேசான நோய்க்கு, தாடையை முன்னால் தள்ளி வைக்கும் பல் செட் ஒன்றும் உண்டு. இவர் அளவுக்கு முற்றியவர்களுக்கு மெஷின்தான் என்றார் டாக்டர். சி.பி.ஏ.பி. என்று பேர்; எல்லோரும் ‘சீபாப்’ என்கிறார்கள். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, ஆறடி டியூப், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க். இது ஆக்ஸிஜன் மெஷின் இல்லை. நம் அறைக் காற்றையே உறிஞ்சி, கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்பி, மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? உயரமான பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி வருகிறதே, அந்த ஊதல்தான் இவருக்கு எழுதிக்கொடுத்த அளவு. மெஷினில் 4 முதல் 20 வரை வைக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும்.

நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினோம். சீட்டுப் பணம். முதல் ராத்திரி மாட்டியதும் பிள்ளைகள், “அப்பா யானை மாதிரி இருக்காரு!” என்று குதித்தார்கள். இவர் அரைமணி நேரம் படுத்திருந்தார். பிறகு மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, “ஓடற பஸ்ஸுல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டுத் தூங்கற மாதிரி இருக்கு. என்னால ஆகாது” என்றார். மறுநாள் ஒரு மணி நேரம். அதற்கு மறுநாள் வாய் வறட்சி, மூக்குப்பாலத்தில் சிவந்து ஒரு காயம், வயிறு உப்புசம். எட்டாம் நாள் மெஷின் பரணுக்குப் போய், பழைய கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மெஷின் விற்ற கடைக்குப் போன் போட்டால், “போகப் போகப் பழகிடும்மா” என்ற ஒரே பதில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான், இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததும் மனசு கொஞ்சம் தேறியது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன். 1980ஆம் வருஷம் வரை இந்த நோய் முற்றியவர்களுக்கு ஒரே வழி, தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான். அப்படி ஓட்டை போட வேண்டும் என்ற நிலையில் வந்த ஒரு நோயாளி, அது வேண்டாம் என்று மறுத்து, டாக்டரின் புது யோசனைக்குத் தலையாட்டினார். யோசனை என்ன தெரியுமா? வாக்குவம் கிளீனர் இருக்கிறதே, அதன் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைப்பது! அந்தக் காற்றை டியூபில் மூக்குக்கு அனுப்பினார். மாஸ்க்குக்கு அப்போது ஏது கடை? ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்து ஃபைபர் கிளாஸில் செய்து, ராத்திரிதோறும் சிலிக்கோன் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் பிய்த்து எடுப்பார்கள். மெஷின் சத்தமோ காதைத் துளைக்கும். அப்படியும் அந்த ஜனங்கள் விடாமல் மாட்டினார்கள். ஏன்? வருஷக்கணக்காக இல்லாத தூக்கம் ஒரே ராத்திரியில் கிடைத்தது! ஐந்து நோயாளிகளின் விவரத்தை 1981இல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் சல்லிவனும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் இருக்கும் மெஷின்களுக்கு அந்த வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் பாட்டி.

இதை இவரிடம் சொன்னேன். “பசை போட்டு ஒட்டிக்கிட்டாங்களா!” என்றார். எழுந்து போய்ப் பரணில் ஏறி மெஷினை இறக்கினார். மெயின்டனன்ஸ்காரர் அல்லவா, மோட்டார் கதை என்றதும் ஒரு பாசம் வந்துவிட்டது போலும்.

இந்தத் தடவை நாங்கள் அவசரப்படவில்லை. தூங்குவதற்காக மாட்டவே இல்லை. சாயங்காலம் ஏழரை மணி சீரியல் நேரத்தில், உட்கார்ந்தபடி, மெஷினை ஓடவிட்டு அரைமணி மாட்டிக்கொள்வார். நான்கு நாள் இப்படி. பிறகு ஞாயிறு மதியக் குட்டித் தூக்கத்துக்கு. அப்புறம்தான் ராத்திரி. மெஷினில் ‘ரேம்ப்’ என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் போட்டால் மெல்லிய காற்றில் ஆரம்பித்து, அரைமணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அதற்குள் தூங்கிவிடலாம். மூச்சு விடும்போது மட்டும் காற்றைத் தணிக்கிற வசதியும் பல மெஷின்களில் உண்டு. ‘ஜன்னலுக்கு வெளியே தலை’ என்ற புகார் அதோடு போயிற்று. பாருங்கள், காசு வாங்கியவர்கள் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் கிரைண்டருக்குத் துணையாக ஏன் போயிருக்கும்?

அடுத்தது காயம். மாஸ்க் காற்று ஒழுகுகிறது என்று இவர் பட்டையை இறுக்குவார். இறுக்க இறுக்க மூக்கு புண்ணாகும், ஒழுகலும் நிற்காது. ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை செய்த தம்பி ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: “அக்கா, உட்கார்ந்துக்கிட்டு அளவு பார்க்கக்கூடாது. படுத்தா முகத்துச் சதை சரியும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, அப்புறம் பட்டையைச் சரி பண்ணுங்க. பட்டைக்கு அடியில ரெண்டு விரல் போகணும்.” மாஸ்க்கும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தோம். அதையும் அவரே கண்டுபிடித்து மாற்ற வைத்தார்.

அப்படியும் மேல் உதட்டுப் பக்கம் ‘உஸ்... உஸ்...’ என்று ஒரு விசில். காரணம் என்ன? மீசை! பத்தொன்பது வயதிலிருந்து வளர்த்த, கொத்தான மீசை. மயிருக்கும் சிலிக்கோனுக்கும் நடுவில் காற்று புகுந்து வருகிறது. தம்பி மென்று விழுங்கி, “சார், கொஞ்சம் ட்ரிம் பண்ணினா...” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கத்திரிக்கோலும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நின்று நின்று போனார். மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு வந்தவரைப் பார்த்துச் சின்னவள், “அம்மா, யாரோ வந்திருக்காங்க!” என்று ஓடி வந்தாள்! கம்பெனியில் ஒரு வாரம் கேலி. “என்ன பாஸ், வடநாட்டுக்குப் போறீங்களா?” என்றார்களாம். ஆனால் அன்று ராத்திரி விசில் இல்லை. (பிற்பாடு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்குக்கு மாறினோம். இப்போது மெல்லிய மீசை திரும்ப வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், இல்லாமலே நன்றாக இருந்தார்!)

கையில் ஊசி நூல் பிடிக்கத் தெரிந்த நமக்கு இந்த மெஷினில் நிறைய வேலை இருக்கிறது. கன்னத்தில் பட்டை பதிந்து கோடு விழுகிறதா? பழைய மல் வேஷ்டியைக் கிழித்து, நாலு விரல் அகலத்தில் இரட்டையாக மடித்துத் தைத்து, ஓரத்தில் டிச் பட்டன் வைத்துப் பட்டைக்கு உறை போட்டேன். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் ஒன்றைத் துவைக்கலாம். ஆனால் மாஸ்க்கின் மெத்தென்ற ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவில் துணி வரக்கூடாது, வந்தால் ஒழுகும்.

தலையணை விஷயம் கேளுங்கள். கடையில் வாங்கும் ஸ்பாஞ்ச் தலையணை ஒருக்களித்துப் படுத்தால் மாஸ்க்கை நெட்டித் தள்ளுகிறது. என் மாமியார் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணைதான் கைகொடுத்தது. பஞ்சை ஓரமாக ஒதுக்கிக் கையால் ஒரு குழி செய்துகொண்டால், மாஸ்க் அந்தக் குழியில் உட்கார்ந்துவிடும். டியூப் கழுத்தைச் சுற்றுகிறது என்பது இன்னொரு பிரச்னை. எங்கள் கட்டிலில் கொசுவலைக் கம்பி இருக்கிறது. தலைமாட்டுக் கம்பியில் ஒரு துணி வளையம் கட்டி, அதன் வழியாக டியூபை மேலிருந்து இறக்கிவிட்டேன். இவர் எந்தப் பக்கம் புரண்டாலும் டியூப் கூடவே வரும்.

முகத்தில் எண்ணெய் இருந்தால் மாஸ்க் வழுக்கும். படுக்கப் போகுமுன் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்குத் தடவுவதைக் காலைக்கு மாற்றிவிட்டோம். மூக்குப் புண்ணுக்கு வாசலின் தடவாதீர்கள். மாஸ்க்கின் சிலிக்கோனும் சீக்கிரம் கெடும் என்கிறார்கள்.

இப்போது சொல்லப் போவதைச் சிரிக்காமல் கேளுங்கள். மாஸ்க்கின் முன்பக்கம் பொடிப் பொடியாகத் துவாரங்கள் இருக்கும். அதிலிருந்து எப்போதும் ‘ஸ்ஸ்’ என்று காற்று வந்துகொண்டிருக்கும். ஒரு தடவை வந்திருந்த என் மாமியார் இதைப் பார்த்து, “ஏம்மா, அவ்வளவு காசு கொடுத்து வாங்கி ஓட்டை மாஸ்க்கா கொடுத்திருக்கான்?” என்று, பையன் மேல் உள்ள பாசத்தில், பெட்டியிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து அத்தனை துவாரத்தையும் பதவிசாக ஒட்டி அடைத்துவிட்டார்கள்! நல்லவேளை, இவர் மாட்டுமுன் நான் பார்த்தேன். நாம் வெளியே விடும் அசுத்தக் காற்று போகிற வழியே அதுதான். அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும், ஆபத்து. அத்தைக்கு இதை விளக்கிச் சொன்னதும் அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லை. “அய்யோ, என் கையாலயே...” என்று கண் கலங்கினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள், வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியுமே. கிருஷ்ணகிரியில் வேர்த்துக் கொட்டும்போது, மூவாயிரம் அடி உயரத்தில் இங்கே நாங்கள் ஸ்வெட்டர் போடுவோம். மெஷினோடு ஹ்யூமிடிஃபையர் என்று ஒரு தண்ணீர்த் தொட்டி வருகிறது. காற்றை வெதுவெதுப்பாக, ஈரமாக அனுப்பும். மூக்கு வறட்சிக்கும் அடைப்புக்கும் கண்கண்ட மருந்து அது. ஆனால் மார்கழி ராத்திரியில் அந்த ஈரக் காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகி, ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு, கடைசியில் இவர் மூக்கில் ஜில்லென்று சொட்டியது. அலறி எழுந்தார். இதற்கும் வைத்தியம் தையல் மெஷினில்தான்: பழைய கம்பளிச் சால்வையில் டியூபுக்கு நீளமாக ஓர் உறை. மெஷினைக் கட்டில் உயரத்துக்குக் கீழே, முக்காலியில் வைத்தோம். தேங்கும் தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். ஈர அளவையும் குளிர்காலத்தில் ஒரு புள்ளி குறைத்தோம்.

தொட்டிக்கு எங்கள் போர் தண்ணீர் ஆகாது. இரண்டே வாரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். டிஸ்டில்ட் வாட்டர் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோம். கார் பேட்டரிக்கு விற்பதை வாங்காதீர்கள். கிடைக்காத நாளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அதுவும் ஒன்றிரண்டு நாளைக்குத்தான். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மாஸ்க்கை லேசான சோப்புத் தண்ணீரில் தினமும், டியூபை வாரம் ஒருமுறை. நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கோன் விறைக்கும். டெட்டால், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். ஓசோனால் சுத்தம் செய்யும் பெட்டி என்று விளம்பரம் வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2020இலேயே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

இன்னொன்று. மெஷின் உறிஞ்சுவது அறைக் காற்றை. கொசுவத்திச் சுருளும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். முதல் மாசம் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், அடுப்புக்கரி மாதிரி இருந்தது! வலைக்கு மாறிவிட்டோம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு வரும். வாயும் மூக்கும் மூடும் பெரிய மாஸ்க்கில் வெளிக்காற்று வர ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். இவருக்கு விழிப்பே வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே மெஷின் ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் பேட்டரி இன்னும் நெடுநேரம் தாங்கும்.

நைட் ஷிப்ட் வாரத்தில் இவர் ஒரு தந்திரம் செய்தார். “பகல் தூக்கம்தானே” என்று மாஸ்க் இல்லாமலே படுத்தார். மூன்றாம் நாள் பழைய தலைவலி வந்துவிட்டது. தொண்டைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியுமா? கண் மூடினால் மெஷின், இதுதான் இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். எத்தனை மணி மாட்டினார், காற்று ஒழுகியதா, எத்தனை தடவை மூச்சு நின்றது என்று காலையில் மெஷினே கணக்குக் காட்டுகிறது. 46 இருந்த இடத்தில் இப்போது 3! ராத்திரிக்கு நான்கு மணி நேரமாவது மாட்ட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. தூங்குகிற நேரம் பூராவும் மாட்டினால்தான் முழுப் பலன். வயிற்று உப்புசம் மட்டும் இரண்டு மாசம் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு நகர்த்தினோம். மிச்சத்துக்கு டாக்டர் அழுத்தத்தைக் குறைத்து, தேவைக்குத் தக்கபடி தானே ஏறி இறங்கும்படி வைத்துக்கொடுத்தார். பட்டனை நாமே அமுக்கி அழுத்தத்தை மாற்றுகிற வேலை வேண்டாம்.

கை மாறி வந்த பழைய மெஷின் வாங்குவதானால் ஒரு வார்த்தை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தை அடக்க உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் உதிரக்கூடும் என்று, லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மாடல் நம்பரை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா, குழந்தை அழுமே, அதன் பாட்டி. கன்னடம் பேசுகிறவர்கள், ஐம்பத்திரண்டு வயது. தைராய்டு உண்டு. தூக்கமே வரவில்லை, எப்போதும் அசதி, காலையில் தலைவலி என்று வருஷக்கணக்காகச் சத்து மாத்திரை சாப்பிட்டார்கள். இவர் கதையைக் கேட்ட பிறகு ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, “நானும் விடுறேனாம்மா... என் மருமகதான் சொன்னா. பொம்பளை குறட்டை விடறேன்னு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார்கள். முகம் சிவந்துவிட்டது.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் அதிகமாக வருகிறது. தைராய்டு குறைவு, சினைப்பைக் கட்டி இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நமக்கு ஆண்களைப்போல் ஊரைக் கூட்டும் குறட்டை இருக்க வேண்டியதில்லை; அசதி, தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு என்றுதான் வெளியில் தெரியும். ‘வயசாச்சு, கவலை’ என்று அனுப்பிவிடுவார்கள். கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகக் குறட்டை வந்தால் செக்கப்புக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள், பி.பி. ஏறுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு. குழந்தை தினமும் குறட்டை விட்டு வாயைத் திறந்தே தூங்கினால், அழகு என்று ரசிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணமாக இருக்கும்.

அக்காவுக்கு மணிக்கு 31. மெஷின் வந்து மூன்று மாசமாகிறது. வீட்டுக்காரர் முன்னால் மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, விளக்கை அணைத்த பிறகுதான் மாட்டுவார்களாம். போன வாரம் ஒரு துண்டுத் துணியோடு வந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்கைத் துணியில் மிச்சம், கிளிப்பச்சை நிறம், ஓரத்தில் மெல்லிய சரிகை.

“பட்டைக்கு உறை தைக்கணும். வெள்ளை வேஷ்டித் துணி வேணாம்மா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

சரிகை கன்னத்தில் உறுத்தும் என்றேன். சரிகை வெளிப்பக்கம் வரும்படி வைத்து, உள்பக்கம் மல் துணி கொடுத்துத் தைத்தோம்.